லண்டன் காட்டுயிர் நல எம்எஸ்சி: கால்நடை மருத்துவருக்கு அந்த ஓராண்டு எதைத் தரும், எதைத் தராது

கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. படிப்பின் ஐந்தரை ஆண்டும் மாடு, எருமை, ஆடு, கோழி, நாய், பூனை என்ற வட்டத்துக்குள்ளேயே போய்விடுகிறது. உயிரியல் பூங்காவில் பணியேற்கும் மருத்துவரிடமோ நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் ஒப்படைக்கப்படுகின்றன. ஊர்வனவற்றில் பலவற்றுக்கு நல்ல ரத்த அளவுப் பட்டியல்கூடக் கிடையாது. இந்தப் பள்ளத்தை நிரப்பும் மேற்படிப்புகளில் நம் மருத்துவர்கள் அடிக்கடி விசாரிப்பது, லண்டனில் ராயல் வெட்னரி காலேஜும் லண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து நடத்தும் ‘வைல்ட் அனிமல் ஹெல்த்’ எம்எஸ்சி. 1994-ல் தொடங்கியது, ஓராண்டு முழுநேரப் படிப்பு, கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே இடம். உயிரியல் பட்டதாரிகளுக்கு ‘வைல்ட் அனிமல் பயாலஜி’ என்ற இணைப் படிப்பு தனியாக உண்டு.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மயக்க ஊசி அடிக்கக் கற்றுக்கொள்ளத்தான் லண்டன் போகிறீர்கள் என்றால், அந்தப் பணத்துக்கு இந்தப் படிப்பு தகாது. விலங்கு ஏன் செத்தது என்று கண்டுபிடிக்கவும், அந்தப் பதிலை வைத்து அடுத்த விலங்கைக் காப்பாற்றவும் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், ஓராண்டில் இவ்வளவு தரும் வேறு படிப்பு எங்களுக்குத் தெரிந்து குறைவு.

காரணம் இடம். ராயல் வெட்னரி காலேஜ் 1791-ல் தொடங்கியது. கேம்டனிலும் ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் ஹாக்ஸ்ஹெட்டிலும் வளாகங்கள் உள்ளன. விலங்கியல் சங்கம் 1826-ல் தொடங்கியது. ரீஜன்ட்ஸ் பார்க்கில் லண்டன் பூங்காவும், 1931-ல் திறந்த விப்ஸ்னேடு பூங்காவும் அதனுடையவை. பூங்காவில் சாகும் விலங்கைத் திறந்து பார்த்து எழுதிவைக்கும் வழக்கம் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. நோயின், சாவின் காரணத்தைத் திசுக்களில் தேடும் நோய்க்குறியியல் பிரிவு மருத்துவமனைக்குப் பின்னால் ஒதுக்கப்பட்ட கொட்டகையாக இல்லை. மருத்துவரும் நோய்க்குறியியலாளரும் ஒரே விலங்கைப் பற்றி ஒரே மேசையில் பேசுகிறார்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தாலே செலவு வீண் போகாது.

அந்த மேசையில் கிடைத்த விடைகளில் ஒன்று உலக அளவில் பேசப்பட்டது. பாலினீசியத் தீவுகளைச் சேர்ந்த பார்ட்டுலா டர்ஜிடா என்ற சிறு மர நத்தையின் கடைசி உயிர் 1996 ஜனவரியில் லண்டன் பூங்காவில் செத்தது. இயற்கையில் அந்த இனம் ஏற்கெனவே அழிந்திருந்தது. பூங்காவில் வளர்த்த கூட்டமும் படிப்படியாகத் தேய்ந்தது. செத்த நத்தைகளின் திசுவைப் பார்த்தபோது செரிமானச் சுரப்பியில் மைக்ரோஸ்போரிடியா வகை ஒட்டுண்ணி. தொற்றுநோயால் ஓர் இனம் முற்றாக மறைந்ததற்கு நல்ல ஆதாரமாக அது 1998-ல் வெளியானது. ஒரு நத்தைக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று யாராவது கேட்டால், அவர் பூங்கா மருத்துவத்துக்கு ஏற்றவர் அல்லர்.

உடற்கூராய்வில் இந்தப் படிப்பு ஊன்றவைக்கும் ஒழுங்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் அறிக்கைகள் பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான்.

முதலாவது, உடலைப் பாதுகாப்பது. செத்த விலங்கை உடனே டீப் ஃப்ரீசரில் வைப்பது பலர் செய்யும் தவறு. உறைந்தால் செல்லுக்குள் பனிப்படிகம் உருவாகிச் சுவரைக் கிழிக்கும்; பிறகு நுண்ணோக்கி ஸ்லைடில் எதையும் நம்ப முடியாது. 4 டிகிரி குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும். பறவை என்றால் சோப்பு கலந்த தண்ணீரில் முழுவதும் நனைத்த பிறகே குளிரில் வைக்க வேண்டும். இறகு உடல் சூட்டை வெளியே விடாது. நனைக்காத பறவை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே அழுகும். நனைத்தால் இறகுத் தூசி பறப்பதும் அடங்கும். கிளி இனத்தில் கிளாமிடியா இருந்தால் அந்தத் தூசிதான் ஆளுக்குப் பரவும்.

அடுத்தது, திசுவைப் பதப்படுத்தும் பார்மலின். கடையில் கிடைக்கும் 37 முதல் 40 சதவீத பார்மால்டிஹைடு கரைசலை ஒன்றுக்கு ஒன்பது தண்ணீரில் கலந்துவிட்டால் ‘பத்து சதவீத பார்மலின்’ ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அமிலத்தன்மை உள்ளது. 100 மி.லி. கரைசல், 900 மி.லி. தண்ணீர், அத்துடன் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம் சேர்த்தால்தான் அது நடுநிலை பார்மலின். சேர்க்காவிட்டால் ரத்தம் நிறைந்த திசுவில் பழுப்பு-கறுப்பு நிறத் துகள் படியும். ஸ்லைடில் அது மலேரியா நிறமி போலவே தெரியும். 2012-ன் மழைக் கோடையில் லண்டன் பூங்காவிலேயே ஹம்போல்ட் பென்குயின்கள் பறவை மலேரியாவால் செத்தன. அப்படி ஒரு கூட்டத்தில் போலி நிறமியும் உண்மை நிறமியும் கலந்துபோனால் சிகிச்சை முடிவே தடம் மாறும்.

திசுத் துண்டின் தடிமன் 5 மி.மீ., அதிகம் போனால் 1 செ.மீ. பார்மலினின் அளவு திசுவைப்போல் பத்து மடங்கு. ஊறுகாய் ஜாடியில் ஈரல் பாதியைத் திணித்து மேலே கொஞ்சம் பார்மலின் ஊற்றி அனுப்பினால், வெளி ஓரம் மட்டும் பதப்பட்டு நடுப்பகுதி அழுகிப்போய்ச் சேரும். ஆய்வகம் ‘அழுகல், முடிவு கூற இயலாது’ என்று எழுதும். அந்த வரியைப் படித்துவிட்டு ஆய்வகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. நுரையீரல் மிதக்கும், மேலே டிஷ்யூ பேப்பர் போட்டு அமுக்கிவைக்க வேண்டும். குடலை நீளவாக்கில் திறந்துவிட்டுத்தான் போட வேண்டும். மூளையில் ஒரு பாதி பார்மலினுக்கு, மறு பாதி உறைகுளிருக்கு. எல்லா முக்கிய உறுப்பிலும் ஒரு துண்டு மைனஸ் 80-ல் இருக்க வேண்டும். பார்மலினில் போட்டதிலிருந்து வைரஸை வளர்க்க முடியாது. கிருமி வளர்ப்புக்கான மாதிரியைக் கை படுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். தவளை செத்தால் வயிற்றடித் தோலும் விரல்களும் கட்டாயம். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை அங்கேதான் குடியிருக்கும்.

மூன்றாவது, எது இயல்பு என்று தெரிவது. ஒப்பீட்டு உடலமைப்பில் தேர்ச்சி இல்லாதவர் யானையின் மார்பைத் திறந்தால் நுரையீரல் விலாவோடு ஒட்டியிருப்பதைப் பார்த்து ‘நாள்பட்ட நுரையீரல் உறை அழற்சி’ என்று எழுதிவிடுவார். யானைக்கு அந்த இடைவெளியே கிடையாது. இணைப்புத் திசு நிரப்பியிருப்பதுதான் அதன் இயல்பு. இதய நுனி இரண்டாகப் பிளந்திருப்பதும் இயல்பு. பித்தப்பை இல்லை. புள்ளிமானுக்கும் கடமானுக்கும்கூடப் பித்தப்பை இல்லை. அதைத் தேடி நேரத்தை வீணாக்கியவர்கள் உண்டு. ஆமை ஈரலின் கறுப்புப் புள்ளிகள் மெலனின். இத்தகைய நூறு விஷயங்கள் புத்தகத்தில் சிதறிக் கிடக்கின்றன. பல இனங்களைத் தொடர்ந்து திறந்து பார்ப்பவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் அவை மனதில் பதியும்.

இந்த வேலை மனித உயிரையும் தொடும் என்பதற்கு லண்டனுக்கு வெளியே இருந்து ஓர் எடுத்துக்காட்டு போதும். 1999-ல் நியூயார்க்கில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது அதை செயின்ட் லூயிஸ் வகை என்று சுகாதாரத் துறை அறிவித்தது. அதே வாரங்களில் காகங்கள் விழுந்தன. பிராங்க்ஸ் பூங்காவின் பறவைகளும் செத்தன. அங்கிருந்த நோய்க்குறியியலாளர் டிரேசி மெக்நமாரா, செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவையைக் கொல்லாதே என்று மறுத்தார். குதிரை மூளைக்காய்ச்சல் என்றால் ஈமு முதலில் செத்திருக்க வேண்டும். ஈமுக்கள் நன்றாக இருந்தன. திசுக்களை வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார். வந்தது வெஸ்ட் நைல் வைரஸ், மேற்கு அரைக்கோளத்தில் முதல்முறையாக. எந்த இனம் செத்தது என்பதைவிட எந்த இனம் சாகவில்லை என்று கேட்கத் தெரிந்ததுதான் அங்கே வென்றது. லண்டன் படிப்பு நோய்ப்பரவலியலுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதன் நியாயமும் அதுவே.

மருத்துவப் பகுதிக்கு வருவோம். மயக்கமருந்தியல், வலி நிர்வாகம், ஊட்டச்சத்து, நலன் மதிப்பீடு எல்லாம் பாடத்தில் உண்டு. கருத்தளவில் குறை சொல்ல எதுவும் இல்லை. நடைமுறையில் ஒரு பெரிய விரிசல் இருக்கிறது: அங்கே கையாளும் மருந்துப் பெட்டி நம்மிடம் இல்லை. பெரிய தாவர உண்ணிகளுக்கு அங்கே எடார்ஃபின் என்ற வீரியமிக்க மயக்க மருந்து. அதன் ஒரு துளி மனிதத் தோலிலோ கண்ணிலோ பட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், முறிமருந்து திறந்த நிலையில் கையருகே இல்லாமல் குப்பியையே தொடக் கூடாது, தனியாளாக ஏற்றவே கூடாது என்பது விதி. இந்த ஒழுக்கம் எந்த மருந்துக்கும் பொருந்தும், கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் கையில் இருப்பது பெரும்பாலும் சைலசின், கீட்டமின் என்ற இரண்டு மயக்க மருந்துகள்தான்.

அதனால் லண்டன் போகிறவர் இவ்விரண்டும் சேர்ந்த ஹெலாப்ரன் கலவையில் முன்பே தேர்ச்சி பெற்றிருப்பது நல்லது. 500 மி.கி. சைலசின் பொடி உள்ள குப்பியில், மி.லி.க்கு 100 மி.கி. வீரியமுள்ள கீட்டமின் 4 மி.லி. விட்டுக் கரைத்தால், ஒரு மி.லி.யில் சைலசின் 125 மி.கி., கீட்டமின் 100 மி.கி. கிடைக்கும். அளவு சிறியது என்பதால் சின்ன டார்ட்டில் (எய்யும் மயக்க ஊசி) அடங்கும்; தூரத்திலிருந்து துல்லியமாக எய்யலாம். இதில் வழக்கமாக நடக்கும் பிழை, வேலை முடிந்ததும் அவசரப்பட்டு யோகிம்பின் போடுவது. யோகிம்பினோ அட்டிபாமெசோலோ சைலசினை மட்டும்தான் முறிக்கும். கீட்டமின் இன்னும் ரத்தத்தில் இருக்கும்போது சைலசினை எடுத்துவிட்டால் தசை விறைத்து வலிப்பு வரும். டார்ட் விழுந்து முப்பது, நாற்பது நிமிடமாவது கழியட்டும். புலிக்கு டைலெட்டமின்-ஜோலாசெபாம் கலவையைத் தவிர்க்கச் சொல்லும் பழைய எச்சரிக்கையையும் நினைவில் வைக்க வேண்டும். நாள்கள் கழித்து நரம்புக் கோளாறு வந்ததாகப் பதிவுகள் உண்டு. யானை மார்பு தரையில் பட விழுந்தால் மூச்சு முட்டும். சில நிமிடங்களுக்குள் பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். கயிறும் ஆளும் முன்பே தயாராக இல்லாவிட்டால் எந்தப் பட்டமும் அங்கே உதவாது.

மான்களைப் பிடிப்பதில் வரும் தசைச் சிதைவு நோய்தான் நம் பூங்காக்களில் நாம் அதிகம் சந்திக்கும் கைப்பிழை. துரத்தல் நீண்டால், வெயில் ஏறினால், உடல் சூடு 41 டிகிரியைத் தாண்டினால், அன்றைக்கே சாகலாம். ஒரு வாரம் கழித்தும் சாகலாம். உடனே செத்த விலங்கின் தசை கண்ணுக்குச் சரியாகவே தெரியும், வெளிறிய கோடுகள் வர நேரம் எடுக்கும். ஆகவே தொடை, முதுகு, தோள், இதயம் என்று பல இடத்திலிருந்து துண்டு எடுக்காவிட்டால் ‘காரணம் தெரியவில்லை’ என்றுதான் அறிக்கை முடியும். பிடிக்கும் முறையை மாற்றத் தேவையான சான்று அத்துடன் தொலையும். மருத்துவத்தையும் நோய்க்குறியியலையும் பிரித்துப் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய காரணம் எங்களுக்குத் தோன்றவில்லை.

இந்தப் படிப்பில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி, விலங்கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவதற்கு முன் செய்யும் நோய் ஆபத்துப் பகுப்பாய்வு. எந்தக் கிருமியை விலங்கு கொண்டுபோகும், போகும் இடத்தில் எதைச் சந்திக்கும், வழியில் எது தொற்றும், ஒவ்வொன்றுக்கும் நிகழ வாய்ப்பு எவ்வளவு, நிகழ்ந்தால் விளைவு எவ்வளவு, குறைக்க என்ன செய்யலாம் என்று எழுத்தில் வரிசைப்படுத்துவது. விலங்கியல் சங்கம் இதை ஹேசல் டார்மவுஸ் என்ற சிறு கொறித்துண்ணி முதல் பல பிரிட்டிஷ் இனங்களுக்கு உண்மையாகவே செய்துவருகிறது. இயற்கையில் விடுவதற்கு முன் தனிமைப்படுத்தல், மலப் பரிசோதனை, விட்ட பிறகும் கண்காணிப்பு. மாணவர் ஏட்டில் மட்டும் படித்துவிட்டுப் போவதில்லை. 1990-ல் தொடங்கிய கரையொதுங்கும் திமிங்கலம், டால்பின்களின் ஆய்வுத் திட்டமும், 2013-ல் தொடங்கிய தோட்டக் காட்டுயிர் நலத் திட்டமும் அதே கூரையின் கீழ் நடப்பவை. 2005-ல் பிரிட்டனில் பச்சைக் குருவி இனம் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றால் சரியத் தொடங்கியபோது, வீட்டுத் தோட்டங்களில் கிடைத்த பறவைகளைத் திறந்து பார்த்துத்தான் அது புரிந்தது.

இந்தியாவுக்கு இதன் அவசரம் எவ்வளவு என்பதை மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்கா காட்டியது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்தும் 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் சிவிங்கிப்புலி எனப்படும் சீட்டாக்கள் வந்தன. 2023 பருவமழையில் ரேடியோ கழுத்துப்பட்டைக்குக் கீழே தோல் ஈரத்தில் ஊறிப் புண்ணாகி, புழு வைத்து, ரத்தத்தில் நஞ்சேறிச் சில சீட்டாக்கள் செத்தன. தெற்கு அரைக்கோளத்துக் குளிர்காலத்துக்காக முளைத்த அடர்ந்த மயிர், நம் மழைக்காலம், கழுத்துப்பட்டை மூன்றும் ஒரே நேரத்தில் கூடும் என்பதை முன்கூட்டியே கேள்வியாக எழுதிவைக்கும் பழக்கம்தான் இந்தப் பகுப்பாய்வு.

ஆண்டின் பிற்பகுதி ஆய்வுத் திட்டத்துக்கு. இங்கே ஓர் எச்சரிக்கை. தலைப்பை அங்கே போய்த் தேடலாம் என்று கிளம்பக் கூடாது. சில மாதத்தில் அனுமதி, மாதிரி, ஆய்வக முடிவு, புள்ளிவிவரம், எழுத்து எல்லாம் முடிய வேண்டும். காட்டுயிர் மாதிரியை நாடு விட்டு நாடு கொண்டுபோக சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி, இந்தியாவில் வனத்துறை அனுமதி, தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் என்று காகிதமே ஓராண்டை விழுங்கும். புதிதாக மாதிரி எடுக்கும் திட்டம் பெரும்பாலும் பாதியில் நிற்கும். சங்கத்தின் பழைய உடற்கூராய்வுப் பதிவேடுகளையும் சேமித்த திசுக்களையும் வைத்துச் செய்யும் ஆய்வு முடியும், தரமாகவும் முடியும். உதாரணமாக, ஓர் இனத்தில் பல ஆண்டுகளாகச் சாவுக்குக் காரணம் என்ன என்று திருப்பிப் பார்க்கும் ஆய்வு. ஊருக்கு வந்து தம் பூங்காவின் பழைய பதிவேடுகளை எடுத்து அதையே செய்ய முடியும் என்பது கூடுதல் லாபம்.

இனி குறைகள். ஓராண்டு குறைவு. கத்தி பிடித்த கை தேறுவதற்கு நூற்றுக்கணக்கான உடல்கள் தேவை. ஸ்லைடு படிக்கும் கண் தேறுவதற்கு ஆண்டுகள் தேவை. இந்த எம்எஸ்சி நோய்க்குறியியல் நிபுணரை உருவாக்காது. நோய்க்குறியியலாளரிடம் சரியான மாதிரியையும் சரியான கேள்வியையும் கொடுக்கத் தெரிந்த மருத்துவரை உருவாக்கும். எதிர்பார்ப்பை இந்த அளவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

பிரிட்டனில் மருத்துவராகத் தொழில் செய்யும் உரிமையையும் இது தராது. இந்தியப் பட்டம் பெற்றவர் அங்கே சிகிச்சை செய்ய ராயல் காலேஜ் ஆஃப் வெட்னரி சர்ஜன்ஸ் நடத்தும் சட்டப்படியான தேர்வைத் தனியாக எழுதித் தேற வேண்டும். பதிவு இல்லாதவர் அங்கே விலங்குக்குச் சிகிச்சை அளிக்கச் சட்டம் இடம் தராது. மாணவர் செய்யும் பணிக்கு எல்லை உண்டு. ‘கைவேலை நிறையக் கிடைக்கும்’ என்ற நம்பிக்கையோடு போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது குறை தட்பவெப்பம். நம் நோய்கள் அங்கே பாடத்தின் ஓரத்தில்தான் இருக்கும். 2000 ஜூலையில் ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் டிரிப்பனோசோமா என்ற ரத்த ஒட்டுண்ணியின் தொற்றால் செத்தன. பசையற்ற கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம் தேய்த்து, நிறமேற்றி, அரை மணி நேரம் பார்க்கும் பழக்கம் இங்கே எவ்வளவு முக்கியம் என்பதை அது ஒன்றே சொல்லும். ஆந்த்ராக்ஸும் அப்படியே. நம் காட்டில் யானையோ காட்டெருமையோ திடீரென்று செத்துக் கிடந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வழிந்தால், உடலைத் திறக்கவே கூடாது. காதின் ரத்தக்குழாயிலிருந்து ஒரு ஸ்மியர் (தகட்டில் தேய்த்த ரத்தம்) எடுத்து, பாலிகுரோம் மெத்திலீன் நீலத்தில் நிறமேற்றி, உறையுள்ள கோல் பாக்டீரியா இல்லை என்று உறுதியான பிறகுதான் கத்தி. திறந்துவிட்டால் கிருமி காற்றுப் பட்டு ஸ்போராகி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். இந்தப் பாடத்துக்கு முதுமலையும் சத்தியமங்கலமும்தான் சரியான வகுப்பறை.

சட்டப் பக்கமும் அங்கே கிடைக்காது. புலி செத்தால் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நடைமுறைப்படி குழு முன்னிலையில்தான் உடற்கூராய்வு, மாதிரிகளுக்கு முத்திரை, பிறகு உடலை எரிப்பது. எரித்துவிட்டால் மறுபடி பார்க்க எதுவும் இருக்காது. ஆகவே முதல் முறையே முழுமையாக எடுத்தாக வேண்டும். நெருக்கும் கூட்டத்தின் நடுவில், வெளிச்சம் குறையும் மாலையில், வரிசை மாறாமல் மாதிரி எடுக்க ஒரு பட்டியல் கையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை எழுதும் திறமையை லண்டன் தரும், அந்தச் சூழலைத் தராது.

யானைக் கன்றுகளைக் கொல்லும் ஹெர்பெஸ் நோயில் மட்டும் இரண்டு இடத்துப் பாடமும் ஒன்று சேர்கிறது. 1999-ல் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவின் கன்று ஒன்றிலிருந்து தொடங்கி விவரிக்கப்பட்ட இந்த வைரஸ், ஒன்று முதல் எட்டு வயதுக்குள் இருக்கும் ஆசிய யானைக் கன்றுகளைத் தாக்குகிறது. நாக்கு நீலம் பாரித்து முகம் வீங்கிய பிறகு ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். தென்னிந்தியாவில் காட்டுக் கன்றுகளிலும் வளர்ப்புக் கன்றுகளிலும் இது இருப்பதாக 2013-ல் ஆய்வு வெளியானது. லண்டன் பூங்காவின் ஆசிய யானைகள் 2001 முதல் விப்ஸ்னேடில் இருக்கின்றன. கன்றின் ரத்தத்தை வாரம் ஒரு முறை எடுத்து பி.சி.ஆர். செய்வது, தட்டணுக்களும் ஒற்றை உட்கரு வெள்ளணுக்களும் சரிகின்றனவா என்று வரைபடமாகப் பார்ப்பது, வைரஸ் ஏறத் தொடங்கிய அன்றே ஃபாம்சிக்ளோவிர் தொடங்குவது என்ற முறைக்கு முதல் தேவை, கன்று ரத்தம் எடுக்க நிற்கப் பழகியிருப்பது. தெப்பக்காடு போன்ற முகாம்களில் பாகன்கள் அதை எளிதாகச் செய்ய முடியும். நம்மிடம் இல்லாதது வாராந்திர ஆய்வக ஏற்பாடு மட்டும்தான்.

மாற்று வழிகளையும் பார்க்க வேண்டும். நிபுணராக வேண்டும் என்பவருக்கு அமெரிக்க அல்லது ஐரோப்பிய ரெசிடென்சி, அதாவது பணியாற்றியபடியே பெறும் நிபுணர் பயிற்சி. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 1983-ல் அங்கீகரித்த அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸுவாலஜிக்கல் மெடிசின், 1949 முதல் இருக்கும் நோய்க்குறியியல் காலேஜ், ஐரோப்பாவின் விலங்கியல் மருத்துவக் காலேஜ் ஆகியவை தேர்வு வைத்துப் பட்டயம் தருபவை. பொதுவாக மூன்றாண்டுப் பயிற்சி, ஆய்வுக் கட்டுரைகள், கடினமான தேர்வு. ரெசிடென்சியில் சம்பளம் உண்டு, எம்எஸ்சியில் கட்டணம் என்பது பெரிய வித்தியாசம். ஆனால் இடங்கள் மிகச் சொற்பம். அதற்கு முன் இன்டர்ன்ஷிப் கேட்பார்கள். உரிமச் சிக்கலும் உண்டு. இந்த எம்எஸ்சி அந்த வாசலுக்குப் போக உதவும் ஒரு படி, அவ்வளவே.

இந்தியாவிலேயே படிப்பது தாழ்வு அல்ல. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுயிர் அறிவியல் துறை, இஸ்ஸத்நகர் ஐ.வி.ஆர்.ஐ.யின் (இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம்) காட்டுயிர் மையம், கேரளத்தின் பூக்கோடு, அசாமின் கானாபாரா கால்நடைக் கல்லூரிகள் ஆகிய இடங்களில் நம் விலங்கு, நம் நோய், நம் மருந்து. வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலைக் காட்டுயிர்ப் பாதுகாப்பு நிறுவனமும் இருக்கிறது. 2021 ஜூனில் வண்டலூர்ச் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து இரண்டு சிங்கங்கள் செத்தபோது, மாதிரிகள் போபாலின் உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போய், டெல்டா வகை என்று மரபணு வரிசையோடு பதில் வந்தது. ஆய்வக வலு நாட்டில் இருக்கிறது. தினசரி சாவுகளை, அதாவது ஒரு லவ்பேர்ட்ஸையும் ஒரு உடும்பையும், அதே கண்டிப்போடு ஆராயும் வழக்கம்தான் பல இடங்களில் இன்னும் வேர்விடவில்லை. அரசுப் பணியில் இருப்பவருக்கு எங்கள் பரிந்துரை: முதலில் இங்கே நோய்க்குறியியலில் எம்.வி.எஸ்சி., பூங்காவில் குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு வேலை, பிறகு லண்டன். கேள்வி இல்லாமல் போகிறவர் சான்றிதழோடு மட்டும் திரும்புவார்.

பணம் முக்கியத் தடை. வெளிநாட்டு மாணவர் கட்டணமும் லண்டன் வாடகையும் சேர்ந்தால் அரசு மருத்துவரின் பல ஆண்டுச் சேமிப்பு கரையும். ஓராண்டு முதுநிலைப் படிப்பு என்பதால் பிரிட்டிஷ் அரசின் செவெனிங் உதவித்தொகைக்குப் பொருந்தும். அதற்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும், முடித்ததும் நாடு திரும்பி இரண்டாண்டாவது இருக்க வேண்டும். பூங்காப் பணியில் இருப்பவருக்கு இரண்டு நிபந்தனையும் சுமை இல்லை. விண்ணப்பக் கட்டுரையில் ‘சிறுவயது முதல் விலங்குகள் மீது பிரியம்’ என்று எழுதுவதைவிட, தம் பூங்காவில் எந்த இனத்தில் எந்தச் சாவுக்கு விடை கிடைக்கவில்லை என்று எழுதுவது நூறு மடங்கு பயன் தரும். பாடத் தொகுதிகள் அவ்வப்போது மாறுவதால், சேரும் ஆண்டின் பட்டியலைக் கேட்டு வாங்கி, உடற்கூராய்வு அறையில் எத்தனை நாள், எந்த இனங்கள், திசுவியல் ஸ்லைடு படிக்க வாய்ப்பு உண்டா, ஆய்வுத் திட்டத்துக்குப் பழைய பதிவேடுகள் திறந்திருக்குமா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

போவதற்கு முன்பே திரும்பி வந்து உட்காரும் இடத்தையும் தயார் செய்யச் சொல்கிறோம். குளிர்ந்த அறை ஒன்று, வடிகால் உள்ள எஃகு மேசை, சாணைக்கல், எடை பார்க்கும் தராசு இரண்டு, பெரிய எலும்பு வெட்ட ரம்பம், அகன்ற வாய் ஜாடிகள், நடுநிலை பார்மலின், மைனஸ் 20-ஆவது எட்டும் ஒரு ஃப்ரீசர், அளவுகோலோடு படமெடுக்க ஒரு கேமரா, பக்கத்துக் கால்நடைக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையோடு திசுவியலுக்கு ஓர் எழுத்துப்பூர்வ ஏற்பாடு. அனுமதிக் கோப்பை இன்றைக்கே நகர்த்தினால்தான் ஓராண்டு கழித்து மேசை வந்து சேரும்.